புதுப்பித்த கார்புரேட்டர் ஏன் ஒழுகுகிறது?

பிரித்துக் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, திரும்ப மாட்டிய கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகினால், காரணத்தைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தேடலாம். ஒன்று, வேலையின்போது கைபட்ட இடம். மற்றொன்று, வேலையின்போது யாரும் தொடாமல் விட்ட இடம். கடையில் வாங்கும் ரிப்பேர் கிட்டில் இருப்பவை கேஸ்கெட்டுகள், ஊசி வால்வும் அதன் சீட்டும், ஆக்சிலரேட்டர் பம்ப்பின் பிஸ்டன், சில வாஷர்கள், கிளிப்புகள். அவ்வளவுதான். உலோக வார்ப்பு பழையது. பல கிட்டுகளில் மிதவை வராது. பெட்ரோல் பம்ப், குழாய், டேங்க் எல்லாம் வண்டியோடு சேர்ந்து மூப்படைந்தவை. ஒழுகலைத் தேடுபவர் முதலில் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதை விளக்க, அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை விற்பனையான ஷெவர்லே பிக்கப் ட்ரக்குகள் நல்ல எடுத்துக்காட்டு. 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி-8 எஞ்சின் கொண்டவற்றில் பலவற்றின் மேல் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு தொண்டைக் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். 1965 முதல் 1990 வரை உற்பத்தியான இதில் முன்னால் இரண்டு சிறிய தொண்டைகள், பின்னால் இரண்டு பெரிய தொண்டைகள். நடுவில் ஒரே ஒரு சிறிய மிதவை அறை. பழைய வண்டி ஆர்வலர்கள் இன்றும் விரும்பிப் பழுதுபார்க்கும் கார்புரேட்டர் இது. ஒரு கார்புரேட்டர் எத்தனை விதமாக ஒழுக முடியுமோ, ஏறக்குறைய அத்தனையும் இதில் காணக் கிடைக்கும்.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் தீப்பிடிக்கக்கூடிய ஆவியைப் பூஜ்ஜியத்துக்கு நாற்பது டிகிரி கீழேகூட வெளியிடும். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதத்தை நெருங்கினாலே ஒரு பொறி போதும். அது காற்றைவிட எடை அதிகம் என்பதால் தரையோடு படர்ந்து, தூரத்தில் இருக்கும் அடுப்பையோ ஹீட்டரையோ போய்த் தொடும். எனவே வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்றிப் பார்க்கும் சோதனைக்கு மட்டும், சிந்தியதைத் துடைத்து ஆவி விலகிய பிறகு, திரும்ப மாட்டலாம். உடையக்கூடிய குண்டு பல்பு கூடாது. எண்ணெய்த் தீயை அணைக்கும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டும் பெட்ரோலை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட வண்டிகள் எரிந்துபோயிருக்கின்றன.

மிதவை அறையின் வேலை எளிமையானது. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறியதும் பந்து மேலெழும்பிக் குழாயை அடைப்பது போல, அறையில் பெட்ரோல் உயர்ந்ததும் மிதவை எழும்பி ஒரு ஊசியைச் சீட்டின் துளைக்குள் அழுத்தும். வரத்து நிற்கும். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்ச, மட்டம் இறங்கும், ஊசி விலகும், மறுபடி வரத்து தொடங்கும். வில்ஹெல்ம் மேபாக் 1893 வாக்கில் செய்த தெளிப்பு வகைக் கார்புரேட்டரிலேயே மிதவை இருந்தது. கடைசிக் கார்புரேட்டர் வரைக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆனால் ஊசிமேல் நடக்கும் இழுபறி எவ்வளவு நுண்ணியது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். இந்த ட்ரக்குகளில் பம்ப் தரும் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 8 பவுண்டு. 6 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சீட்டின் துளை 3.4 மில்லிமீட்டர் விட்டம் என்றால், ஊசியைச் சீட்டிலிருந்து விலக்கித் தள்ளும் விசை சுமார் 38 கிராம் எடைக்குச் சமம். மிதவை தன் மிதப்பாற்றலாலும் நெம்புகோலின் உதவியாலும் இந்த 38 கிராமைத் தாங்கி நிற்க வேண்டும். அழுத்தம் 9 பவுண்டானால் அது 57 கிராமாகிவிடும். அழுத்தம் மாறாமல், கிட்டில் வந்த சீட்டின் துளை 4 மில்லிமீட்டராக இருந்தால் 53 கிராம். துளை அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி வளர்ந்ததற்கு விசை ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடுகிறது, ஏனெனில் பரப்பு விட்டத்தின் இருமடியாக உயர்கிறது. பெட்ரோலின் அடர்த்தி நீரின் முக்கால் பங்குதான். மிதவைக்கு அது தரும் தாங்குதலும் அந்த அளவுக்குக் குறைவு. குவாட்ராஜெட்டின் மிதவையோ சிறியது. விடை இந்தச் சில கிராம்களுக்குள்ளேயே பலமுறை கிடைத்துவிடும்.

அடுத்து, ஈரத்தை வாசிக்கக் கற்க வேண்டும். கார்புரேட்டரின் மேல்மூடியும் அறையும் சேரும் விளிம்பில் ஈரம் தெரிந்தவுடன் கேஸ்கெட்டைக் குறைசொல்லி, திருகுகளை இன்னும் இறுக்குவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. இது தவறான திசை. குவாட்ராஜெட்டில் சரியான பெட்ரோல் மட்டம் அந்தக் கேஸ்கெட்டுக்குக் கீழேயே நிற்கும். அந்தக் கேஸ்கெட்டின் வேலை காற்றையும் ஆவியையும் பிரித்துவைப்பது. எப்போதும் பெட்ரோலில் ஊறிக்கிடப்பதல்ல. வண்டி குலுங்கும்போது தெறிப்பதைத் தவிர, நின்றிருக்கும் வண்டியில் அந்த விளிம்பு நனைந்தால் பெட்ரோல் மட்டம் மேலே ஏறிவிட்டது என்று பொருள். குற்றம் ஊசியில், மிதவையில், அல்லது அழுத்தத்தில். இறுக்கிக்கொண்டே போனால் நடப்பது ஒன்றுதான்: மேல்மூடி வளையும். முன்பக்கம் மேனிஃபோல்டு வரை செல்லும் இரண்டு நீளமான போல்ட்டுகளை அளவுமீறி முறுக்கியதால் வளைந்த மூடிகள் குவாட்ராஜெட்டில் சாதாரணம். அதன்பிறகு மட்டத்தைச் சரிசெய்தாலும் மூடி பொருந்தாது.

த்ராட்டில் தண்டின் நுனியில் சொட்டும் பெட்ரோலும் இப்படித்தான் ஏமாற்றும். தண்டுக்கும் மிதவை அறைக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அறை நிரம்பி வழிய, முனைக்குழாய் வழியாகத் தொண்டைக்குள் பெட்ரோல் இறங்கி, மூடிய த்ராட்டில் தகட்டின் மேல் தேங்கி, தண்டின் இடைவெளியைத் தேடி வெளியே வருகிறது. தண்டுக்குப் புஷ் மாற்றினால் சொட்டு நிற்கலாம். நிரம்பி வழிவது நிற்காது. பெட்ரோல் வெளியே விழுவதற்குப் பதிலாக எஞ்சினுக்குள் போகும், அவ்வளவே.

ஒழுகும் இடத்தைவிட ஒழுகும் நேரம் நம்பகமான சாட்சி. எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால், பம்ப் அழுத்தம் இருக்கும் பாதையில், அதாவது குழாய், உள்வாய் நட்டு, ஊசி ஆகியவற்றில் சிக்கல். அணைத்த சில நிமிடங்களில் ஒழுகினால், குழாயில் எஞ்சிய அழுத்தம் ஊசியைத் தள்ளுகிறது, அல்லது வெப்பம் வேலை செய்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல், இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றியபிறகே பிடித்தால், அறை அடிப்பக்கமாக வடிந்துவிட்டது என்ற சந்தேகம் வலுக்கிறது.

சாட்சியம் போதவில்லையென்றால் சோதனை. கார்புரேட்டரின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, சந்தேகமான மூட்டுகளில் டால்கம் பவுடர் தூவலாம். முதல் ஈரம் எங்கே தோன்றுகிறதோ அங்கே பவுடர் நிறம் மாறும். வழிந்து வந்த ஈரமும் புறப்பட்ட ஈரமும் இப்படிப் பிரிந்துவிடும். பிறகு, பம்ப் குழாயைத் துண்டித்து முனையை அடைத்துவிட்டு, மேல்மூடியின் காற்றோட்டக் குழாய் வழியே ஊசிமருந்துக் குழலால் அறையில் பெட்ரோலை மெதுவாக நிரப்ப வேண்டும். இப்போது பம்ப் அழுத்தம் துளியும் இல்லை. இந்த நிலையில் மட்டம் இறங்கினால் குற்றம் வார்ப்பிலோ, அடிப்பக்க அடைப்பிலோ. அப்படியே நின்றால், குழாயை மாட்டி, இக்னிஷன் காயிலின் இணைப்பை விலக்கி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றி, டார்ச் ஒளியில் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். எஞ்சின் உறிஞ்சும் வேகம் இல்லாத நேரத்தில் முனைகளில் பெட்ரோல் சொட்டினால் ஊசி மூடவில்லை என்பது நிரூபணம். வரிசையை மாற்றாமல் செய்தால், பாதிக் காரணங்களை ஒரு திருகையும் கழற்றாமலே விலக்கிவிடலாம்.

உள்வாயிலிருந்து தொடங்குவது முறை. குவாட்ராஜெட்டின் முன்பக்கத்தில் ஒரு பெரிய நட்டு, அதற்குள் ஒரு சிறு ஃபில்டர், அதன்பின் ஒரு ஸ்பிரிங். நட்டு எஃகு, அது ஏறும் மரையோ மென்மையான துத்தநாகக் கலப்பு வார்ப்பு. கோணலாக ஏற்றி ஒருமுறை முறுக்கினாலே மரை அழிந்துவிடும். இந்த நட்டு மரையால் அல்ல, முகத்தில் இருக்கும் வாஷரால்தான் ஒழுகலைத் தடுக்கிறது. பழைய வாஷரையே திரும்பப் போடுவதும், அல்லது பழையதன்மேல் புதியதை அடுக்குவதும் ஒழுகலுக்கு நிச்சயமான வழி. நட்டோடு சேரும் உலோகக் குழாயின் விரிந்த முனைக்கு டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னொரு வீண் வேலை. அங்கே உலோகம் உலோகத்தில் அமர்ந்து அடைக்கிறது. டேப் அதற்கு உதவாது, அதன் நார் பிரிந்து உள்ளே போனால் ஊசியில் மாட்டும். குழாயைத் திருகும்போது நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முறுக்கு முழுவதும் அந்த மென்மையான மரைக்குப் போகும். மரை ஏற்கெனவே போயிருந்தால் சுருள் செருகி பொருத்திக் காப்பாற்றலாம். பிசின் தடவி ஓட்டுவதை ஏற்க முடியாது.

ஊசிக்கு வந்தால், முதல் எதிரி குப்பை. பழைய டேங்கின் துருத்தூள், புது ரப்பர் குழாயை முனையில் திணிக்கும்போது சீவப்பட்ட மெல்லிய துணுக்கு, கழுவியபின் பாதையில் தங்கிய கேஸ்கெட் துண்டு என்று எதுவும் ஊசிக்கும் சீட்டுக்கும் இடையில் நிற்கலாம். ஃபில்டரைத் தாண்டி எதுவும் வராது என்ற நம்பிக்கை, வேலையின்போது ஃபில்டருக்கு அப்பால் விழுந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்குருடிரைவர் பிடியால் மேல்மூடியை மெல்லத் தட்டியதும் ஒழுகல் நின்றால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. சிகிச்சை தட்டுவதல்ல, திறந்து சுத்தம் செய்வது.

இரண்டாவது எதிரி ஒரு சிறு கம்பிக் கிளிப். குவாட்ராஜெட்டின் ஊசியை மிதவையோடு இணைக்கும் இந்தக் கிளிப், மிதவைக் கையின் விளிம்பில் தொங்க வேண்டும். அந்தக் கையில் துளைகள் இருப்பதைப் பார்த்து, கிளிப்பைத் துளைக்குள் நுழைத்துவிடுபவர்கள் ஏராளம். துளை இருந்தால் அதற்குள்தான் போக வேண்டும் என்று கை நினைக்கிறது. அப்படி மாட்டினால் ஊசி நேராக இறங்காமல் பக்கவாட்டில் சிக்கும். கார்புரேட்டர் நிரம்பி வழியும். புதுப்பித்த அன்றே ஒழுகத் தொடங்கும் குவாட்ராஜெட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஊசியும் சீட்டும் சரியாக அமர்கின்றனவா என்பதைக் கைப் பம்ப்பால் வெற்றிடம் கொடுத்துச் சோதிக்கலாம். முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும்.

மிதவையின் கதை வேறு. குவாட்ராஜெட்டில் இருப்பது பித்தளைக் கூடு அல்ல. நுண்ணிய மூடிய அறைகள் கொண்ட நைட்ரோஃபில் என்ற கருப்பு நுரைப் பொருள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெட்ரோலை உறிஞ்சிக் கனமாகும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. மில்லிமீட்டர் பிசகாமல் மட்டம் வைத்தாலும் கனத்த மிதவை தாழ்வாகவே மிதக்கும். பெட்ரோல் மட்டம் ஏறும். இதைக் கண்டுபிடிக்கத் தராசு ஒன்றே வழி: அதே மாதிரிக்கான புது மிதவையோடு கிராம் கணக்கில் ஒப்பிட வேண்டும். வேறு கார்புரேட்டர்களில் வரும் பித்தளை மிதவையைச் சோதிப்பது எளிது. காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சளசளக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். பற்றவைத்து அடைக்கலாம், ஆனால் ஈயத்தின் எடையும் மிதவையில் ஏறிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

மிதவை மட்டத்துக்கு எல்லா குவாட்ராஜெட்டுக்கும் பொதுவான ஒரே அளவு கிடையாது. அறையின் இடப்பக்கத்தில் செங்குத்தாகப் பதித்திருக்கும், 70 அல்லது 170 என்று தொடங்கும் எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்கு உரிய அளவையே வைக்க வேண்டும். பல மாதிரிகளுக்குப் பொதுவாக வரும் கிட்டில் கேஸ்கெட்டுகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும். கழற்றிய பழையதன்மேல் புதியதை வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிடாமல் மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

அழுத்தத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும். எஞ்சினால் இயங்கும் பம்ப்பில், பெட்ரோலை உள்ளிழுப்பது கேம் தண்டின் உந்துதல். வெளியே தள்ளுவது ஸ்பிரிங். ஆகவே குழாயின் அழுத்தம் ஸ்பிரிங்கின் வலிமையைப் பொறுத்தது. கார்புரேட்டரோடு சேர்த்துப் புதுப் பம்ப் மாட்டப்பட்டிருந்தால் அதன் ஸ்பிரிங் பழையதைவிடக் கடினமாக இருக்கலாம். நேற்றுவரை தாங்கிய ஊசி இன்று தோற்கும். மின்பம்ப் மாட்டியவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 1987 முதல் ஷெவர்லே ட்ரக்குகளில் வந்த த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனுக்கான அழுத்தம் 9 முதல் 13 பவுண்டு. அந்த அமைப்பின் பம்ப்பைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தால் எந்த ஊசியும் நிற்காது. ஒரு டீ இணைப்பும் ஒரு கேஜும் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குவாட்ராஜெட்டுக்கே உரிய, மிகவும் அலைக்கழிக்கும் ஒழுகல் அடிப்பக்கத்தில் இருக்கிறது. உற்பத்தியின்போது பெட்ரோல் கிணறுகளைக் கீழிருந்து துளைத்து, பிறகு சிறு அடைப்புகளால் மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் சூடும் குளிரும் மாறிமாறி வர, அடைப்புக்கும் வார்ப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டாகும். பெட்ரோல் வெளியே சொட்டாது. நேராக மேனிஃபோல்டுக்குள் இறங்கும். இங்கேதான் புதுப்பித்தலே ஒழுகலைக் கொண்டுவரும் விந்தை நடக்கிறது. முந்தைய உரிமையாளர் யாரோ தடவிய எப்பாக்ஸியும், காலப்போக்கில் படிந்த பசையும் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். கடுமையான கழுவும் திரவத்தில் ஊறவைத்ததும் இரண்டும் கரைந்துபோகும். வேலை சுத்தமாக நடந்ததாலேயே பழைய ஓட்டை திறந்துகொண்டது. இதைச் சோதிக்க, அறையைத் தனியாகக் கழற்றி, உலர்ந்த காகிதத்தின்மேல் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பெட்ரோல் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் போதும், கறை காட்டிக்கொடுக்கும். அடைப்பைச் சுற்றி எண்ணெய்ப்பசை இல்லாமல் சுரண்டிச் சுத்தம் செய்து, பெட்ரோலைத் தாங்கும் எப்பாக்ஸி பூசி, முழுமையாக இறுகும்வரை காத்திருப்பது நடைமுறையில் நிலைத்த தீர்வு. அவசரப்பட்டு இறுகுமுன் மாட்டினால் மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும், ஓடி நின்ற சூட்டில் மட்டும் பெட்ரோல் நாற்றமும் ஈரமும் வருவதுண்டு. பெட்ரோலின் இலேசான கூறுகள் 40 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். அணைத்ததும் அந்தக் குளிர்ச்சி நின்று, எஞ்சினின் சூடு மேலேறும். அறையில் பெட்ரோல் கொதித்து முனைகள் வழியே தொண்டையில் வழியும். பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலந்தால் அதன் ஆவியழுத்தம் சுமார் ஒரு பவுண்டு கூடுவது இதை மோசமாக்குகிறது. எத்தனாலுக்காகத் தயாரிக்கப்படாத பழைய ரப்பரும் கார்க்கும் அதனால் கெடவும் செய்யும். இந்தியாவில் 2025-இல் இருபது சதவீதக் கலப்பு வந்துவிட்டதால், இங்கே பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களும் குழாய்களைக் கவனிப்பது அவசியம். சூட்டு ஒழுகலுக்கு மருந்து கார்புரேட்டருக்குள் இல்லை. அடியில் தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கெட் இருக்கிறதா, எக்ஸாஸ்டின் சூட்டை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா, பெட்ரோல் குழாய் சிலிண்டர் தலையை உரசிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற கார்புரேட்டர்களுக்கு இந்த முறை பொருந்தும்; இடங்கள் மட்டும் மாறும். ஹோலி வகையில் மிதவை அறைகள் முன்னும் பின்னும் பக்கவாட்டில் திருகப்பட்டிருக்கும். அதனால் அங்கே கேஸ்கெட் உண்மையிலேயே பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. ஈரம் தெரிந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது நியாயம். அறைக்கு அடியில் உள்ள பம்ப்பின் ரப்பர்ச் சவ்வும் ஒழுகும். ஃபோர்டு ட்ரக்குகளில் வந்த ஆட்டோலைட் 2100-இல் முன்பக்கத்துப் பம்ப் சவ்வும், அடியில் இருக்கும் பவர் வால்வின் கேஸ்கெட்டும் முதலில் பார்க்க வேண்டியவை.

காரணம் எதுவானாலும், பெட்ரோல் உள்பக்கமாக இறங்கியிருந்தால் எஞ்சின் ஆயிலை முகர்ந்துபார்க்க வேண்டும். அளவுகோலில் ஆயில் மட்டம் உயர்ந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியை ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். எஞ்சினால் இயங்கும் பம்ப்பின் சவ்வு கிழிந்தாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால், கார்புரேட்டரைப் பழிக்கும் முன் பம்ப்பையும் விசாரிக்க வேண்டும்.

சரிசெய்த கார்புரேட்டரை மூன்று நிலைகளில் பார்த்த பிறகே தேர்ந்ததாகக் கொள்ள வேண்டும்: எஞ்சின் முழுச் சூடேறும்வரை ஓடிக்கொண்டிருக்கையில், அணைத்த அரைமணி நேரத்தில், மறுநாள் காலையில். மூன்றிலும் மூட்டுகள் உலர்ந்திருந்து, காலையில் ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தால் வேலை முடிந்தது. ஏதாவது ஒன்றில் சிறு ஈரம் தெரிந்தாலும் வண்டி ஓடாமல் திறந்தவெளியிலேயே நிற்கட்டும்.